பரிமாறும் கைக்கு உரியது என்ன?

வெளிநாடு போய் வந்த ஒருவரை நம் கடைத்தெருவில் கண்டால் நாம் முதலில் கேட்பது, "வியாபாரம் எப்படி?" என்பது. அடுத்துக் கேட்பது, "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பது. முதற் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் வந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் இலேசில் முடியாது. ஹலால் கடை தேடி நடந்த கதை, காரமில்லாத குழம்பின் கதை ஆகியவற்றோடு, பரிமாறியவர் நடந்துகொண்ட விதமும் அதில் கட்டாயம் இருக்கும்.

ஜப்பானுக்குச் சரக்கு வாங்கப் போனவர், "வாசலில் கால் வைத்ததும் கடையிலுள்ள அத்தனை பேரும் குரல் கொடுத்து வரவேற்கிறார்கள், கை துடைக்கச் சுடுதுணி தருகிறார்கள், இவ்வளவும் செய்துவிட்டு ஒரு காசு இனாம் வாங்க மாட்டேன் என்கிறார்கள்" என்று வியப்பார். அமெரிக்காவிலுள்ள மகனைப் பார்க்கப் போனவர், "சாப்பாட்டுக்குக் காசு கொடுத்த பிறகு அதை எடுத்து வந்தவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்" என்று குறைப்படுவார். பாரிஸ் போனவரோ, "சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்; பில் கொண்டுவர ஓர் ஆளில்லை. அவ்வளவு அலட்சியம்!" என்று முகம் சுளிப்பார்.

மூவரும் கண்டது உண்மையே. ஆயினும் மூவரும் தத்தம் ஊர் முழக்கோலை எடுத்துக்கொண்டு போய் அயலூர்த் துணியை அளந்திருக்கின்றனர். பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி, கேளாமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது, "போதும், எழுந்து போங்கள்" என்று சொல்வதற்குச் சமம். நம்மவர் அலட்சியம் என்று எண்ணியது அங்கே மரியாதை. அதே வேளையில், நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் கடைசிக் கவளம் வாய்க்குள் போகுமுன் பில் வந்துவிடுவதைக் கண்டு அந்தப் பிரெஞ்சுக்காரர் என்ன நினைப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவற்றை வெறும் பயணக் கதைகளென்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் இவற்றுக்கு அடியில் ஒரு நியாயக் கேள்வி கிடக்கிறது. காசு கொடுத்து உண்பவர் எதை விலைக்கு வாங்குகிறார்? சோற்றையா? சோறு கொண்டுவருபவரின் பணிவையா? அல்லது அந்த ஆளையேயா? பரிமாறும் கைக்கு உரியது என்ன, அதைக் கொடுக்க வேண்டியவர் யார்? வர்த்தகம் செய்யும் நாம் இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க இயலாது. வெளியூரில் நாம் மேசையின் இப்புறம் அமர்கிறோம். உள்ளூரில் நம்மில் பலர் கல்லாவுக்குப் பின்னால் அமர்கிறோம். இரு பக்கத்து நியாயமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாலத்துக்கு இப்புறமும் அப்புறமும்

வழக்கங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைக் காண நாம் டோக்கியோ வரை போக வேண்டியதில்லை. ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்தாலே போதும். 1924-ல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் சுமார் 1 கிலோமீட்டர். நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் வேலைக்கும் வியாபாரத்துக்கும் அதைக் கடக்கின்றனர். இங்கே ரொட்டி சானாய் என்று கேட்பதை அங்கே ரொட்டி பரோட்டா என்று கேட்கிறோம். மாவு ஒன்று, கல் ஒன்று, வீசும் கையும் பெரும்பாலும் நம் பக்கத்துக் கை. ஆனால் சாப்பிட்டு எழுந்த பின் செய்ய வேண்டியது வேறு.

ஜொகூர் பாருவில் ஒரு மாமாக் கடையில் உண்டவர் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுகிறார். அதை எடுக்கக் கடையில் ஆள் உண்டு. தாமே எடுத்துப் போனால், "வையுங்க பாய், நாங்க பார்த்துக்கிறோம்" என்று பதறிப்போய் வாங்கிக்கொள்வார்கள். சிங்கப்பூர் உணவங்காடி நிலையத்திலோ 2021 செப்டம்பர் 1 முதல், உண்டவரே தட்டையும் மேசைக் குப்பையையும் அகற்ற வேண்டுமென்பது அமலாக்கப்படும் விதி. முதல் முறை தவறினால் எச்சரிக்கை. மீண்டும் தவறினால் அபராதம். இங்கே மரியாதையாக இருப்பது அங்கே குற்றம். அங்கே கடமையாக இருப்பது இங்கே வீண் வேலை.

இவ்விரண்டு வழக்கங்களில் எது உயர்ந்தது என்று வாதிட்டுப் பயனில்லை. இரண்டையும் உலகம் மதித்திருக்கிறது. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020-லும், ரொட்டி சானாய், நாசி லெமாக், தே தாரிக் ஆகியவை அடங்கிய மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை 2024-லும் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றில் உண்பவர் தம் எச்சில் தட்டைத் தாமே எடுக்கிறார். மற்றதில் இன்னொருவர் எடுக்கிறார். எடுக்கும் அந்த இன்னொருவரை நாம் எப்படிக் காண்கிறோம் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நம் கடைகளை இந்நாட்டார் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். 'மாமாக்' என்னும் சொல் நம் 'மாமா'விலிருந்து வந்தது. மலாய்க்காரரும் சீனரும் நம் சிப்பந்தியை 'அனே' என்று கூப்பிடுவது நம் 'அண்ணே'யின் எதிரொலி. கந்தூரி வீட்டிலும் கலியாண வீட்டிலும் வழங்கும் உறவுச் சொற்கள் இங்கே வியாபாரச் சொற்களாகிவிட்டன. இன்னுமொரு வேடிக்கை உண்டு. இந்நாட்டில் உண்ண வந்தவர் பரிமாறுபவரைப் 'பாஸ்' என்கிறார். பரிமாறுபவரும் அவரைப் 'பாஸ்' என்றே அழைக்கிறார். எஜமானர் யார், ஏவலர் யார் என்று அச்சொல்லால் கண்டுபிடிக்க முடியாது. வேடிக்கையாகத் தோன்றினும் இதில் ஒரு நல்ல எண்ணம் இருக்கத்தான் செய்கிறது.

கூலி வேறு, இனாம் வேறு

இனி, வெளிநாடுகளில் நம்மவரைப் பெரிதும் குழப்பும் காசு விஷயத்துக்கு வருவோம்.

தமிழில் நாம் வழங்கும் 'இனாம்' என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. அன்பளிப்பு என்னும் பொருளுடையது. அன்பளிப்பு கொடுப்பவரின் விருப்பம். கூலி அப்படியன்று; அது கொடுக்க வேண்டிய கடன். கூலியை இனாம் போலக் கொடுப்பவரும், இனாமைக் கூலியில் கழிப்பவரும் கணக்கைக் குழப்புகின்றனர். இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு நாட்டின் வழக்கமும் ஓரளவு தெளிவாகும்.

அமெரிக்காவில் உணவு பரிமாறுவோர்க்கு முதலாளி ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 செண்ட். 1991 முதல் இத்தொகை மாறவில்லை. மற்றத் தொழிலாளர்க்குரிய கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலியோ 2009 முதல் 7 டாலர் 25 செண்ட். இடையிலுள்ள தொகையை உண்பவர்கள் தரும் இனாம் நிரப்ப வேண்டும். நிரம்பாவிடில் முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்பது சட்டம். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இவ்வேறுபாட்டை ஒழித்து, முழுக் கூலியையும் முதலாளியே தர வேண்டுமென வைத்துள்ளன. ஏனைய பல இடங்களில் மேசையில் விட்டுச் செல்லும் 15, 20 சதவிகிதம் இனாம் என்னும் பெயரணிந்த கூலியேயாகும். இதை அறியாத நம் நண்பர் ஒன்றும் வைக்காமல் எழுந்தபோது, பரிமாறியவரின் அன்றைய வருமானத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் நோக்கம் அதுவன்று, விளைவு அதுதான்.

அமெரிக்க வழக்கம் சரியானதா என்று கேட்டால், நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவரின் வீட்டு வாடகை அன்னியர் ஒருவரின் மனநிலையைப் பொறுத்திருப்பது நியாயமன்று. ஆனால் ஒரு முறை தவறென்று எண்ணுபவர், அதைத் தண்டிப்பதாக நினைத்து ஏழைச் சிப்பந்தியைத் தண்டிக்கலாகாது. முதலாளியிடம் நமக்குள்ள வழக்கை எடுத்து வந்தவரின் தட்டில் தீர்ப்பது கோழைத்தனம். அந்நாட்டில் உண்பதாயின் அக்காசையும் உணவின் விலையாகவே எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். அது கையைக் கடிக்குமெனில், பரிமாறுவோர் இல்லாத கடையில் வாங்கி உண்ணலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை.

ஜப்பானில் முறை நேர்மாறானது. அங்கே சாதாரண உணவுக் கடையில் மீதிச் சில்லறையை மேசையில் விட்டு வந்தால், நாம் மறந்துவிட்டோம் என்று கருதித் தெரு வரை ஓடி வந்து கொடுப்பார்கள். ஒருமுறை நமக்கே அது நேர்ந்தது. ஓடி வந்த பெண் மூச்சு வாங்க இரு கையாலும் நாணயங்களை நீட்டித் தலை தாழ்த்தியபோது, தாராளமாக நடந்துகொண்டதாய் எண்ணியிருந்த நமக்கு வெட்கமாகவே போய்விட்டது. செம்மையாகப் பரிமாறுவது அவர் தொழிலின் மானம். அதற்கு மேல் காசு நீட்டுவது, "நீ செய்ய வேண்டியதைச் செய்வாய் என நான் எதிர்பார்க்கவில்லை" என்று சொல்வது போலாகிவிடும். அந்நாட்டில் உண்டு எழுகையில் விருந்துக்கு நன்றி சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. அதைச் சொன்னால் அவர்கள் முகம் மலர்கிறது.

சிங்கப்பூரில் பரிமாறுவோர் உள்ள உணவகங்கள் பலவும் பில்லிலேயே 10 சதவிகிதம் சேவைக் கட்டணம் சேர்த்துவிடுகின்றன. அதன் மேல் பொருள் சேவை வரி. 2024 ஜனவரி 1 முதல் அது 9 சதவிகிதம். 100 டாலருக்கு உண்டவர் 119 டாலர் 90 காசு கட்டுகிறார். நம் நாட்டிலும் பெரிய உணவகங்களில் இரண்டு வரிகளைக் காணலாம். அவற்றில் சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது; 2024 மார்ச்சில் பிற சேவைகளுக்கு அது 8 சதவிகிதமாக உயர்ந்தபோதும் உணவுக்கு 6 சதவிகிதமாகவே நின்றது. சேவைக் கட்டணம் என்பது வேறு. அது கடையே வசூலிப்பது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிவிடுகின்றனர்.

சேவைக் கட்டணம் என்று எழுதி வாங்கிய காசு சேவை செய்தவருக்குப் போகிறதா? இந்தக் கேள்வி இந்நாட்டில் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. ஓர் ஓட்டலுக்கும் ஓட்டல் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையே நடந்த வழக்கில், சேவைக் கட்டணத்தைக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பும் பொருட்டுப் பயன்படுத்தலாகாது என்று 2021-ல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பளம் முதலாளி தம் கையிலிருந்து தர வேண்டியது. சிப்பந்தியின் பெயரைச் சொல்லி விருந்தினரிடம் வாங்கியதை அதில் கழிக்க இயலாது. நம் மொழியில் சொன்னால், அக்காசு அமானிதம். பிறர் பேரில் வாங்கியதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்வது எந்த வியாபாரத்திலும் கூடாது.

இந்தியாவில் விவகாரம் வேறு விதமாக எழுந்தது. உணவகங்கள் கேளாமலே சேவைக் கட்டணம் சேர்ப்பதைத் தடுத்து 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. அன்பளிப்பு என்றால் கட்டாயம் கூடாது என்பது அதன் சாரம். மலேசியத் தீர்ப்பு கூலியைக் காத்தது. இந்தியத் தீர்ப்பு இனாமின் விருப்பத் தன்மையைக் காத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாம் மேலே சொன்ன வேற்றுமை விளங்கும்.

புன்னகையும் சரக்கா?

கூலிக் கணக்கு தீர்ந்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கூலி முழுமையாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. அப்போது பரிமாறுபவர் நம்மைக் கண்டு சிரிக்க வேண்டுமா? அச்சிரிப்பையும் நாம் வாங்கிவிட்டோமா?

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-ல் வெளியிட்ட ஒரு நூலில் இதை ஆராய்ந்தார். விமானப் பணிப்பெண்களை அருகிருந்து கண்டு அவர் எழுதியது யாதெனில், கையுழைப்பு, மூளையுழைப்பு என்பவை போல மனவுழைப்பும் ஒன்று உண்டு என்பதாகும். உள்ளே துயரம் இருக்கையில் வெளியே மலர்ச்சி காட்டுவது ஓர் உழைப்பு. அதற்கும் களைப்பு உண்டு. பத்து மணி நேரம் நின்ற காலின் வலியை நாம் அறிவோம். பத்து மணி நேரம் சிரித்த முகத்தின் வலியை அறிவதில்லை.

அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னர், 1943-ல், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்தர் ஒரு காப்பிக்கடைப் பரிமாறுநரைத் தம் நூலொன்றில் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அம்மனிதரின் நடை சற்று மிகை. குனிவு சற்று மிகை. தட்டை ஏந்தும் விதமும் மிகை. பரிமாறுநர் என்னும் வேடத்தை அவர் நடிக்கிறார் என்றார் சார்த்தர். ஒரு மேசையோ நாற்காலியோ தான் என்னவோ அதுவாகவே இருக்கிறது. மனிதர் அவ்வாறு தம் தொழிலாகவே ஆகிவிட முடியாது என்பது அவர் காட்டிய உண்மை. சார்த்தரின் தத்துவம் முழுவதும் நமக்கு உடன்பாடென்று சொல்ல மாட்டோம். ஆனால் இந்த ஓர் உதாரணத்தை மேசையில் அமர்ந்திருப்பவர் பக்கம் திருப்பிப் பார்த்தால் நமக்குப் பயன் உண்டு. எதிரே நிற்பவர் தட்டு ஏந்துபவர் மட்டுமே என்று நாம் எண்ணத் தொடங்கும்போது, அவரை மேசை நாற்காலிகளோடு சேர்த்துவிடுகிறோம்.

நம் மார்க்கம் இதில் மௌனமாக இல்லை. உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்துங்கள். அது இயலாவிடில் ஓரிரு கவளமேனும் அவருக்குக் கொடுங்கள். அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவரே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பதையும் நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். கேட்டு வருகிறோம் என்பது வரையில் சரி. உப்புச் சற்றுக் குறைந்த குழம்புக்காக ஊரைக் கூட்டும் நம்மவரைக் காணும்போது, கேட்டது செவியோடு நின்றுவிட்டதோ என்று ஐயம் எழுகிறது.

ஒரு சனிக்கிழமை இரவு

பிறரைச் சொல்லுமுன் நம்மைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சில மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை இரவு, ஜொகூர் பாருவில் ஒரு கடையில் நாம் நண்பர் மூவருடன் அமர்ந்திருந்தோம். கூட்டமான நேரம். ஒசாகாவிலிருந்து அவ்வாரந்தான் திரும்பிய நண்பர் ஒருவர் ஜப்பானியரின் பணிவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. 'தே ஓ கோசோங்' கேட்டிருந்தார். பரிமாறிய பையன் பாலும் சீனியும் போட்ட தேயைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதங்கூட ஆகாத பையன். அன்றிரவு அவன் பார்க்க வேண்டிய மேசைகள் பத்துப் பன்னிரண்டு.

"ஏண்டா, காது இருக்கா இல்லையா உனக்கு?" என்று நண்பர் எழுப்பிய குரலில் பக்கத்து மேசைகள் திரும்பின. பையன் தலை குனிந்து நின்றான். கல்லாவில் இருந்தவர், நண்பரைக் குளிரச் செய்யும் பொருட்டோ என்னவோ, அங்கிருந்தபடியே அவனை இரண்டாம் முறை ஏசினார். பையன் கிளாஸை எடுத்துக்கொண்டு போனான். நண்பர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆங், ஜப்பானில் பாருங்கள்..." என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நாம் என்ன செய்தோம்? கைபேசியில் எதையோ பார்ப்பது போலக் குனிந்துகொண்டோம். நண்பரைத் தடுக்கவில்லை. பையனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து வருகையில் மேசையில் 5 ரிங்கிட் வைத்துவிட்டு வந்தோம்; அதோடு மனம் ஆறிவிட்டதாகவும் எண்ணிக்கொண்டோம். வீடு வந்து சேர்ந்த பின்னரே அது ஆறவில்லை என்று தெரிந்தது. ஜப்பானில் காசு நீட்டி வெட்கப்பட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அங்கே தேவையற்ற இடத்தில் காசு கொடுத்தோம். இங்கே ஒரு சொல் கொடுக்க வேண்டிய இடத்தில் காசைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் தனியே போனோம். பையனின் பெயரைக் கேட்டோம். அவன் ஊரைக் கேட்டோம். அன்று நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தோம். அவன் மேசையைத் துடைத்தபடியே, "பரவாயில்ல மாமா, பழகிப் போச்சு" என்றான். திட்டியது தவறென்றாவது, வலித்ததென்றாவது சொல்லியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். பழகிப் போச்சு என்னும் சொல்லுக்கு நம்மிடம் பதில் இல்லை.

இரு பக்கத்தார்க்கும்

"வாடிக்கையாளரே ராஜா என்று சொல்லித்தானே வியாபாரம் செய்கிறோம்? காசு கொடுப்பவர் கோபித்துக்கொள்ளாமல் யார் கோபித்துக்கொள்வது?" என்று சிலர் கேட்கலாம். தவறு செய்தால் சொல்ல வேண்டியதுதான். பணம் கொடுத்தவர் கேட்ட பொருளைப் பெற உரிமையுடையவர். தாமதமானால் கேட்கவும், மாறி வந்தால் திருப்பி அனுப்பவும், பில் தவறினால் சரிபார்க்கவும் உரிமையுடையவர். பரிமாறுபவருக்கும் கடமை உண்டு: சுத்தமான கை, சரியான கணக்கு, கேட்டதற்கு உண்மையான பதில். ஹலாலா என்று கேட்பவரிடம் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லலாகாது. ஆனால், "தம்பி, சீனி இல்லாமல் கேட்டேன், மாற்றிக் கொடு" என்பதும் குறை சொல்வதுதான். தேயும் மாறிவிடும், தம்பியின் தலையும் குனியாது.

இன்னொரு பக்கத்திலிருந்து முதலாளிமார் கேட்கலாம்: "அரிசி விலை ஏறுகிறது, வாடகை ஏறுகிறது, ஆள் கிடைப்பதில்லை. குறைந்தபட்சச் சம்பளமும் 2025-ல் 1,700 ரிங்கிட் ஆகிவிட்டது. நாங்கள் என்ன செய்வது?" இக்கஷ்டம் உண்மை. நம்மில் பலர் அதைத் தினமும் அனுபவிப்பவர்கள். எனினும், ஆள் கிடைப்பதில்லை என்று வருந்துவோர், கிடைத்த ஆளை வைத்துக்கொள்ளும் வழியைக் கவனிக்க வேண்டாமா? வாடிக்கையாளர் முன்னிலையில் சிப்பந்தியை ஏசுவதால் எந்த வாடிக்கையாளரும் கூடுவதில்லை. தனியே அழைத்துத் திருத்துவதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு வாடிக்கையாளர் வரம்பு மீறும்போது கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "பாய், தவறு எங்களுடையது, இப்போது மாற்றித் தருகிறோம்" என்று சிப்பந்திக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே நிற்பவரே முதலாளி. அப்படி நிற்பவரிடம் வேலைக்காரர் நிலைப்பர்.

வெளிநாடு செல்லும் அன்பர்க்கும் ஒரு வேண்டுகோள். விமானச் சீட்டு வாங்கும்போதே அந்நாட்டு உணவக வழக்கத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்: இனாம் உண்டா, இல்லையா; பில்லைக் கேட்க வேண்டுமா, தானே வருமா; தட்டை யார் எடுப்பது; ஆளை எப்படி அழைப்பது. விரல் சொடுக்கி அழைப்பது அநேகமாக எந்நாட்டிலும் அவமரியாதை. மலாய்க்காரர் காசு கொடுக்கும்போது வலக்கையால் நீட்டி, இடக்கையால் வலக்கையைத் தொட்டுக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். கண்டனீஸ் சீனர், தேநீர் ஊற்றுபவருக்கு நன்றியாக மேசையில் விரலால் மெல்லத் தட்டுவதைக் கண்டிருப்பீர்கள். வாயில் உணவு இருக்கும்போதும், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதும், ஊற்றிய கையைக் கவனித்தேன் என்று சொல்லும் அடையாளம் அது. நாடுதோறும் முறை மாறுகிறது. கவனித்தேன் என்னும் செய்தி மாறவில்லை.

ஆகவே நாம் எண்ணுவது இது. உணவுக்கு விலை உண்டு. அதை உண்பவர் கொடுக்க வேண்டும். உழைப்புக்குக் கூலி உண்டு. அதை முதலாளி கொடுக்க வேண்டும், அந்நாட்டு முறை அதை உண்பவர் தலையில் வைத்திருந்தால் உண்பவர் தட்டாமல் கொடுக்க வேண்டும். பரிமாறுபவர் மனிதர் என்பதற்கான மரியாதைக்கு விலையுமில்லை, கூலியுமில்லை. அதை எவரும் வேறு எதனாலும் ஈடு செய்ய முடியாது. 5 ரிங்கிட்டால் ஈடு செய்யப் பார்த்துத் தோற்றவர்கள் இதை எழுதுகிறோம்.

இன்றிரவு நம்மில் பலர் ஏதேனும் ஒரு கடையில் தே குடிக்கப் போவோம். கொண்டுவந்து வைப்பவரின் முகத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்போம். அவர் பெயர் தெரியாவிட்டால் கேட்டுக்கொள்வோம். அங்கிருந்து தொடங்குவோமாக!